இத்தாலிக்காரர் வரட்டும்

ஜார்ஜ் டவுனில் யோகலட்சுமியை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கிளினிக்கில் மிஸ்ஸி, பாசாரில் மிஸ்ஸி, சூலியா தெருவில் தே தாரிக் என்கிற நுரை டீ ஆற்றுகிற மாமாக் கடைக்காரருக்கும் மிஸ்ஸி. நர்ஸ் வேலை பார்க்கிற எந்தப் பெண்ணுக்கும் இந்த நாட்டில் அதுதான் பெயர். தலை நரைத்தாலும் மாறாது. அதைப் பற்றி அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஊசி போடுகிற கைக்குப் பெயர் எதற்கு, வலிக்காமல் போட்டால் போதாதா? ஆனால் படம் வரைகிற கைக்குப் பெயர் வேண்டும் என்பதில் மட்டும் அவள் ஒற்றைக் காலில் நின்றாள். பினாங்குப் பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்த அந்த நாளில், ஒரு பெரிய வீட்டுப் புதுமனை விருந்தே அந்தப் பிடிவாதத்தால் அரை மணி நேரம் நின்றுபோனது.

அவள் வரைந்ததெல்லாம் நகல்கள். முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய எண்ணெய் ஓவியங்களை, அந்தக் காலத்து ஆட்கள் எப்படி அடுக்கடுக்காக வரைந்தார்களோ அப்படியே மறுபடியும் வரைவாள். நகல்தானே என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஒன்றை மட்டும் வரைந்து பார்க்கட்டும், பிறகு பேசலாம். லண்டனில் நர்ஸாக இருந்த காலத்தில், லீவு நாட்களில் அங்கே ஓவியக்கூடத்தில் அனுமதி வாங்கி உட்கார்ந்து நகல் எடுத்துப் பழகியவள். அங்கே ரெண்டு சட்டம் உண்டு. நகல் மூலத்தின் அளவில் இருக்கக் கூடாது. நகல் எடுத்தவர் தன் பெயரைப் போட வேண்டும். பெயர் போடாத நகல் திருட்டுச் சாமான் என்று அங்கே காவலுக்கு நிற்கிறவர்கூடச் சொல்வார்.

அப்பா விநாசித்தம்பி துறைமுகத்தில் கணக்கெழுதும் தலைமைக் கிராணியாக இருந்து ஓய்வு பெற்று, படுக்கையில் விழுந்தபோது அவள் ஊருக்குத் திரும்பினாள். அவர் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டாள். காலையில் கிளினிக். மத்தியானத்துக்கு மேல் சூலியா தெருவில், கமால் பாயின் படச்சட்டக் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த அறை. அந்த அறைக்கு வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று உண்டு. வெயில் நேராக விழாத வெளிச்சம் வேண்டும் என்றுதான் அதை எடுத்தாள். வடக்கு குபேர மூலை, மிஸ்ஸி விவரமான ஆள் என்று கமால் பாய் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

ஒரு சித்திரை மாதத்தில் அவளுடைய தம்பி அம்பிகைபாகன், இடுப்பில் ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் ஒரு தடிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தான். தம்பி லாயர். வெள்ளைச் சட்டை, வழித்து வாரிய தலை, பேசும்போது யாரோ தீர்ப்புச் சொல்லப்போகிற மாதிரி ஒரு நிதானம்.

"அக்கா, என் கிளையண்ட் சாத்தப்பன் செட்டியார் தஞ்சோங் பூங்கா ஏரியாவுல பங்களா கட்டுறாரு. ஹால்ல மாட்ட ஒரு பழைய காலத்துப் படம் வேணுமாம். ஒரிஜினல் மாதிரியே, அந்தக் காலத்து முறையிலயே. பேங்க் ஆளுங்க, பட்டம் வாங்கின டத்தோக்கள் எல்லாம் வந்து போற வீடு லா."

செட்டியார் புத்தகம் முழுவதையும் புரட்டிப் பார்த்திருந்தார். பாதிப் படங்களில் மண்டையோடும் தலைகீழாகத் தொங்கும் செத்த முயலும் இருந்தன. மீதிப் படங்களில் ஆட்கள் துணியே இல்லாமல் படுத்திருந்தார்கள். கடைசியில் ஒரு பக்கத்தில் கையில் மெழுகுவர்த்தியோடு ஒரு பெண் நின்றாள். காற்றில் அணையாமல் இருக்கச் சுடருக்கு முன்னால் இன்னொரு கையை மறைத்துப் பிடித்திருந்தாள். பெயர் தெரியாத ஒல்லாந்துக்காரர் எவரோ வரைந்தது. விளக்கேந்திய பெண், புது வீட்டுக்கு இதைவிட லட்சணமாக வேறென்ன வேண்டும் என்று செட்டியார் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துவிட்டார்.

யோகலட்சுமி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுடரை மறைத்த கையின் விரல்களுக்குள்ளே வெளிச்சம் ஓடியது. நகத்தோரம் சிவப்பு, விரலிடுக்கில் அதைவிட ஆழமான சிவப்பு. இப்படி ஒரு கையை வரையத்தான் அவள் எத்தனையோ காலமாகக் காத்திருந்தாள்.

"வரையிறேன். ஆனா கீழ என் பேர் இருக்கும். தெளிவா, எல்லாரும் படிக்கிற மாதிரி."

"அதுக்கென்ன, போட்டுக்குங்க" என்றான் தம்பி. ஆனால் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னான்.

வேலை ஆரம்பமாயிற்று. முதலில் துணி முழுக்கத் தேயிலைச் சாயம் மாதிரி ஒரு பழுப்பு. அது காய்ந்ததும் அதன் மேல் இருட்டும் வெளிச்சமும் மட்டும். அதற்கும் மேலேதான் அந்தப் பூச்சு வரும். முகம், கழுத்து, கை என்று தோல் தெரிகிற இடமெல்லாம் சாம்பலும் பச்சையும் கலந்த ஒரே நிறத்தில், துளி ரத்தமில்லாமல் முழு உருவத்தையும் வரைந்து முடிக்க வேண்டும். ஒல்லாந்துக்காரர்கள் அதற்கு வைத்த பெயரே செத்த நிறம்தான். அது கல்லாகக் காய்கிற வரைக்கும் காத்திருந்து, பிறகுதான் எண்ணெயில் கரைத்த மெல்லிய நிறங்களைக் கண்ணாடித்தாள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகப் பூச வேண்டும். கீழே இருக்கிற செத்த நிறம் மேலே இருக்கிற சிவப்பின் வழியே தெரியும்போதுதான் தோலுக்கு உயிர் வரும். பினாங்கு ஈரத்தில் எதுவும் லேசில் காயாது. அவசரப்படுத்தினால் முகம் வெடித்துவிடும்.

மற்றவர்கள் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்கிற இந்த ரகசியம் அவளுக்கு வார்டிலேயே தெரியும். உயிர் போன முகத்தைத் துடைத்துவிட்டவள் அவள். பிறந்த குழந்தையின் நீலம் ஒரு அழுகையில் சிவப்பாக மாறுவதையும் பார்த்தவள். செத்த நிறத்தைப் பூசும்போது அவள் கை ஒருபோதும் கூசியதில்லை.

மற்றவர்களுக்குக் கூசும் அல்லவா? தீபாவளி சமயத்தில் செட்டியாரின் மனைவி தெய்வானை ஆச்சி, ஒரு தூக்கு நிறைய அதிரசமும் முறுக்கும் எடுத்துக்கொண்டு, முன்னே சொல்லாமல் கொள்ளாமல் மாடியேறி வந்துவிட்டார். படம் எப்படி வருகிறதென்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற ஆசை. கதவைத் தாண்டியவர் அப்படியே நின்றார்.

"அடி ஆத்தே! என்ன மிஸ்ஸி இது, பொணத்தையில்ல நிக்க வச்சிருக்கீங்க! கையில வெளக்கு வேற!"

தூக்கு கையிலிருந்து நழுவியது. யோகலட்சுமி அதைப் பிடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆச்சியை நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"பயப்படாதீங்க ஆச்சி. உங்க கையைக் குடுங்க." மணிக்கட்டைத் திருப்பி ஜன்னல் பக்கம் பிடித்தாள். "தோலுக்குக் கீழ என்ன நெறம் தெரியுது?"

ஆச்சி குனிந்து பார்த்தார். "நரம்பு. பச்சையா ஓடுது."

"அதைத்தான் இப்ப வரைஞ்சிருக்கேன். ரத்தம் இனிமேதான். மேல செகப்பு ஏறினதும் பாருங்க, உங்களை மாதிரி இவளும் ரோசமா நிப்பா."

ஆச்சிக்குச் சிரிப்பு வந்தது. பயம் போன வேகத்தில் ஒரு முறுக்கை எடுத்துத் தானே கடித்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"அப்ப அந்த இத்தாலிக்காரரு எப்ப வருவாரு?"

"எந்த இத்தாலிக்காரர்?"

"படம் போடுறவரு. நீங்க அவருக்குச் சாயம் அரைச்சு, தூரிகை கழுவிக் குடுக்குறீங்கன்னு லாயர் தம்பி சொன்னாரே. அவரு வெளிய தலை காட்ட மாட்டாராமே, ரொம்பக் கூச்சமாம்."

யோகலட்சுமியின் வலது கையில் தூரிகை இருந்தது. முழங்கை வரைக்கும் சாம்பல் பச்சை அப்பியிருந்தது. ஆச்சி தூரிகையைப் பார்த்தார், கையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். கடித்த முறுக்கு வாயிலேயே நின்றது.

"நீங்கதானா?"

"நான்தான் ஆச்சி. வேற யாரும் இல்ல."

"எங்க வீட்டுல நான் சொல்ல மாட்டேன்" என்று ஆச்சி எழுந்துகொண்டார். "ஆம்பளைங்க பேசி முடிச்ச விஷயம். நான் வந்ததையும் நீங்க சொல்லிராதீங்க, மிஸ்ஸி." அவர் படியிறங்கிப் போன பிறகும் யோகலட்சுமி நின்ற இடத்திலேயே நின்றாள். அவமானமாக இருந்தது. யாரோ ஏமாற்றியிருந்தால் கோபத்தோடு போயிருக்கும். இவன் தம்பி.

இவன் லண்டனில் சட்டம் படித்தபோது அவள் அறையில்தான் சோறு. சனிக்கிழமைகளில் அவளுடைய சாயப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓவியக்கூடத்துக்குக் கூடவே வருவான். பின்னால் கூடி நிற்கிற வெள்ளைக்காரர்களிடம், கேட்காமலேயே, இது என் அக்கா என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான். அந்தப் பையன் எங்கே போய்த் தொலைந்தான் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே அவனை அறைக்கு வரவழைத்தாள்.

"தம்பி, இத்தாலிக்காரருக்கு டீ போடணும். எங்க உட்கார்ந்திருக்கார்?"

அவன் முகம் வெளுத்தது. பிறகு லாயர் குரல் வந்துவிட்டது. "அக்கா, வெளிநாட்டு ஆள்னாத்தான் இவங்களுக்கெல்லாம் மதிப்பு. உங்க பேரைச் சொன்னா, போயும் போயும் ஒரு மிஸ்ஸி வரைஞ்சதான்னு கேப்பாங்க."

"கேக்கட்டும். ஆமான்னு சொல்லு."

"என்னால முடியாது!" குரல் உடைந்தது. உள்ளே கிடந்தது வெளியே வந்தது. "நம்ம அப்பா தலைமைக் கிராணி. நான் லாயர். லண்டன் போன அக்கா இருக்காங்கன்னு சொன்னா மதிப்பு. எங்க அக்கா கூலிக்குப் படம் போடுறாங்க, கடை மாடியில எண்ணெய்யும் பெயின்டுமா, சைன்போர்டுக்காரன் மாதிரி நிக்கிறாங்கன்னு நான் எப்படி லா சொல்றது? நம்ம சங்கத்துல நாலு பேர் என்ன பேசுவாங்க?"

அப்படியா சேதி என்று அவள் தலையாட்டினாள். பிறகு தூரிகைகளைத் துடைத்து ஒன்றொன்றாக ஜாடியில் போட்டாள்.

"சரி. செத்த நெறத்தோட என் வேலை முடிஞ்சுது. மேல ரத்தம் ஊத்துற வேலையை உன் இத்தாலிக்காரரை வரச் சொல்லிப் பண்ணிக்க. இப்படியே கொண்டு போய் ஹால்ல மாட்டு."

அம்பிகைபாகன் அந்தப் பச்சை முகத்தைப் பார்த்தான். தை மாதத்தில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது. அக்காவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். படத்தில் பெயர் இருக்கும், அதில் மாற்றமில்லை. விருந்தன்றைக்குத் தானே செட்டியாரிடம் உண்மையைச் சொல்லிவிடுவான். அப்பா மேல் ஆணை.

அவள் நம்பினாள். நம்பியதற்குக் காரணம் ரெண்டு. ஒன்று, அவன் தம்பி. இன்னொன்று, அந்த விரல்கள். அந்தச் சிவப்பைப் பூசாமல் அவளால் சும்மா இருக்க முடியாது என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மார்கழி முழுக்க அவள் சிவப்பிலேயே கிடந்தாள். மஞ்சிட்டி வேர்ச் சிவப்பை எண்ணெயில் இழைத்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் பூசி, உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். ஒரு பூச்சுக்கு விரல் நுனி விழித்தது. அடுத்த பூச்சுக்கு விரலிடுக்கில் சூடு வந்தது. கடைசிப் பூச்சு முடிந்த அன்று பின்னால் தள்ளி நின்று பார்த்தபோது, மெழுகுவர்த்தியின் வெளிச்சம் அந்தக் கையைத் துளைத்துக்கொண்டு அவள் மேலேயே விழுவதாக அவளுக்குத் தோன்றியது. சத்தமாகச் சிரித்துவிட்டாள். கீழேயிருந்து கமால் பாய் என்ன மிஸ்ஸி என்று குரல் கொடுத்தார்.

வலது கீழ்மூலையில், தமிழில், 'பழைய ஒல்லாந்து ஓவியத்தின் நகல். வரைந்தது யோகலட்சுமி, பினாங்கு' என்று எழுதினாள். மேல் பூச்சு இன்னும் காயாமல்தான் இருக்கிறது, விரல் படக் கூடாது, வார்னிஷ் ஆறு மாதம் கழித்துத்தான் என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினாள். சட்டம் போடுகிற வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவன் கமால் பாயிடம் படத்தைக் கொண்டுபோனான்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் போன் வந்தது. "அக்கா, நாளைக்கு ரொம்பக் கூட்டமா இருக்கும். கார் நிறுத்தக்கூட இடம் இருக்காது. நீங்க சிரமப்படாதீங்க, வீட்டுலயே ரெஸ்ட் எடுங்க."

கிளினிக்கில் வயிற்றுவலியை மறைக்கிற நோயாளிகள் இதே குரலில்தான் பேசுவார்கள். யோகலட்சுமி சரி என்று போனை வைத்தாள். மறுநாள் காலையில் அரக்குக் கரை போட்ட பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டாள். புதுப் படம் மாட்டுகிற இடத்துக்கு எப்போதும் எடுத்துப் போகிற பையைத் தோளில் போட்டாள். அதில் டர்பன்டைன் புட்டி, பழைய வேட்டித் துணி, ரெண்டு தூரிகை, மூடி போட்ட ஜாடியில் கொஞ்சம் சிவப்பு. டாக்சிக்காரனிடம் தஞ்சோங் பூங்கா என்றாள்.

வாசலில் வாழைமரம். உள்ளே பால் காய்ச்சி முடித்து, கூட்டம் ஹாலில் நின்று பேசிக்கொண்டிருந்தது. பின்பக்கம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். படம் நடுச்சுவரில் இருந்தது. நேராக அதன் முன்னால் போய் நின்றாள். சட்டத்தின் மூன்று பக்கமும் மெல்லிசு, கீழ்ப்பக்கம் மட்டும் ஒரு சாண் அகலம். தங்கப் பூச்சுப் பூசிய அந்தக் கட்டை அவள் பெயரின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கட்டையின் நடுவில் பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு. 'மாரியோ கந்தோனி, மிலான், இத்தாலி.' அந்தப் பெயரைச் செருப்புக் கடையில் கிடைத்த ஒரு சப்பாத்துப் பெட்டியிலிருந்து பிடித்ததாகப் பிற்பாடு தெரியவந்தது.

சாத்தப்பன் செட்டியார் கையை நீட்டிப் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தார். "இத்தாலியிலேர்ந்து ஆளை வரவழைச்சோம். நானூறு வருஷத்து முறை. எல்லாம் நம்ம லாயர் தம்பி ஏற்பாடு." பக்கத்தில் அம்பிகைபாகன், அடக்கமாகச் சிரித்தபடி. அக்காவைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே உறைந்தது.

அவள் அவனைப் பார்த்தாள். சொல்லு, இப்போதாவது சொல்லு என்று முழுசாக ஒரு நிமிஷம் பார்த்தாள். அவன் தலையைத் திருப்பிப் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டான்.

யோகலட்சுமி பையைத் திறந்தாள். துணியில் டர்பன்டைனை ஊற்றினாள். புண்ணைத் துடைக்கிற நிதானத்தோடு, சுடரை மறைத்த அந்தக் கையின் மேல் துணியை வைத்து ஒரு இழு இழுத்தாள்.

சிவப்பு துணியோடு வந்துவிட்டது. சுண்டுவிரல் செத்தது. மோதிரவிரல் செத்தது. யாருக்கும் என்ன நடக்கிறதென்று புரிவதற்குள், தங்கமாக எரியும் சுடருக்கு முன்னால் சாம்பல் பச்சையில் ஒரு பிணத்தின் கை நின்றது. அதைத் துடைத்தபோது அவளுக்கு நெஞ்சு வலித்தது, தன் கைத்தோலையே உரிப்பதாக இருந்தது. அதற்காகக் கையை நிறுத்தவில்லை.

"ஆலாமாக்! மிஸ்ஸி! பைத்தியமா புடிச்சிருக்கு?" செட்டியார் அலறினார். கூட்டத்தில் ஒரு வயசான செட்டியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "நல்ல நாளும் அதுவுமா வெளக்குப் புடிச்ச கை செத்துப்போச்சே, சிவ சிவா!"

"பதறாதீங்க செட்டியாரே" என்றாள் யோகலட்சுமி. "மேல் பூச்சுதான் போயிருக்கு. வரைஞ்சவருக்கு அஞ்சு நிமிஷ வேலை. இத்தாலிக்காரரைக் கூப்பிடுங்க, அவர் வந்து ரத்தம் ஊத்தட்டும்."

"அவரு போயிட்டாரு ஊருக்கு! தம்பி, என்ன இது, உங்க அக்காவைப் புடிங்க! டிரைவர்!"

டிரைவர் ரெண்டடி வைத்தான். குங்குமத் தட்டோடு நின்ற தெய்வானை ஆச்சி வாயைத் திறந்தார். "யாரும் அவங்க மேல கை வைக்கக் கூடாது. நான் சொல்றேன்." அந்த வீட்டில் டிரைவர் யார் பேச்சுக்குப் பயப்படுவான் என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

அம்பிகைபாகன் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "அக்கா, ப்ளீஸ். வீட்டுக்குப் போய்ப் பேசிக்குவோம்."

"அன்னிக்குத் தனியாத்தான் பேசினோம். அப்பா மேல ஆணை வச்ச. இனிமே இங்கதான் பேச்சு." துணியின் சுத்தமான பக்கத்தைத் திருப்பி, மறுபடி டர்பன்டைனை ஊற்றினாள். "அடுத்தது முகம், தம்பி."

செட்டியார் முகத்தைப் பார்த்தார். விளக்கொளியில் ரோஜா நிறத்தில் உயிரோடு நின்ற முகம். அதுவும் அந்தக் கை மாதிரி ஆகிவிட்டால் இந்த வீட்டில் இன்றைக்கு யார் சாப்பிட உட்காருவார்கள்? வியாபாரி அல்லவா, கணக்கு சட்டென்று புரிந்துவிட்டது.

"லாயர் தம்பி, ஒரே கேள்வி. யாரு வரைஞ்சது?"

விருந்துக்கு வந்திருந்த பேங்க் மேனேஜரும் ஒரு டத்தோவும் அம்பிகைபாகனையே பார்த்தார்கள். அவன் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினான்.

"எங்க அக்கா" என்றான் தரையைப் பார்த்து.

"கேக்கல" என்றாள் யோகலட்சுமி. "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல. பேரோட சொல்லு."

துணி முகத்துக்கு அரை விரற்கடை தூரத்தில் நின்றது.

"எங்க அக்கா யோகலட்சுமி! விநாசித்தம்பி மக யோகலட்சுமி! இத்தாலிக்காரன் யாரும் கெடையாது, அவங்கதான் வரைஞ்சாங்க, போதுமா?" கத்தியே விட்டான். கண்ணில் தண்ணீர் தளும்பியது.

"போதாது. அந்தக் கட்டையைக் கழட்டணும்."

செட்டியார் தானே பந்திப் பக்கம் போய்த் தேங்காய் உடைக்கிற கத்தியை எடுத்துவந்து கீழ்க்கட்டையை நெம்பினார். பித்தளைத் தகடோடு அது தரையில் விழுந்தது. பெயர் வெளியே வந்தது. படிக்கத் தெரிந்தவர்கள் முன்னால் வந்து சத்தம்போட்டுப் படித்தார்கள். டத்தோவுக்கு யாரோ மலாயில் சொன்னார்கள்.

அதற்குப் பிறகுதான் யோகலட்சுமி ஜாடி மூடியைத் திறந்தாள். சிவப்பைத் தொட்டு, விரல் விரலாகப் பூசி, உள்ளங்கையால் ஒற்றினாள். முந்தி இருந்த ஆழம் இதில் இல்லை. அது பல பூச்சில் வந்தது, இது ஒரு பூச்சு. அவள் கண்ணுக்குத்தான் அந்தக் குறை தெரியும், அந்தக் குறையோடு அவள் இனி வாழ வேண்டியதுதான். ஆனாலும் நீலம் பாய்ந்து பிறந்த குழந்தை அழத் தொடங்கினால் எப்படியோ, அப்படி அந்தக் கை நிறம் மாறியதை எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

அவள் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவும்போது அம்பிகைபாகன் கார் சாவியோடு பின்னால் வந்து நின்றான்.

"என்னை இன்னிக்குக் கொன்னுட்டீங்க, அக்கா. இனிமே இந்த ஊர்ல எவன் என்னை நம்புவான்?"

அவள் நகத்திடுக்கைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "உன் வாயால என் பேரைச் சொல்ல வச்சேன். வேற ஒண்ணும் பண்ணல. அது உனக்குச் சாவுன்னா, போய்ச் சாவு."

அவன் கொஞ்ச நேரம் நின்றான். இந்த அக்கா கூப்பிடுவாள், வா தம்பி சாப்பிட்டுட்டுப் போ என்பாள் என்று நின்றிருப்பான். அவள் கூப்பிடவில்லை. வெளியே கார்க் கதவு அறைகிற சத்தம் கேட்டது. ஒரே தம்பி, அவனைவிட்டால் அவளுக்கு ரத்த சொந்தம் என்று சொல்ல யாரும் இல்லை.

யோகலட்சுமி திரும்பி வந்து முதல் பந்தியில், பேங்க் மேனேஜருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள். சோறு வந்தது, குழம்பு வந்தது. கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. துடைக்கவில்லை, யார் பார்த்தாலும் பார்த்துவிட்டுப் போகட்டும். இனிப்புக் கவுனி அரிசியோடு ரெண்டாம் முறை வந்த பரிமாறுகிறவன் அவள் முகத்தைப் பார்த்துத் தயங்கி, அடுத்த இலைக்கு நகரப் போனான்.

"எனக்கு இன்னொரு கரண்டி வைங்க" என்றாள்.